ஏழாவது வில்லை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பன்றி வளர்ப்போர் சங்கத் தலைவர் ஓலுஃப் அவர்களே! டென்மார்க்கின் இந்த யூலாந்து மண்ணை உழுது உரமேறிய முதியோர்களே! காலை முதல் அடுப்படியில் நின்று, பன்றி வறுவலும் காபியும் தந்து எங்கள் வயிற்றைக் குளிர வைத்த தாய்மார்களே! நம் வட்டார மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிருமிகளோடு குடித்தனம் நடத்தும் எஸ்பென் வணங்குகிறேன்.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா! என் மனைவியும் இப்படித்தான் சிரிப்பாள்.

நோயாளியின் புண்ணில் எடுத்த கிருமியைத் தட்டில் தடவி, அதன்மேல் மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை வைப்போம். மறுநாள், கேட்கும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வளையம் விழுந்திருக்கும். ஆண்டுதோறும் அளந்தோம். ஆண்டுதோறும் சுருங்கியது! சில மருந்துகளுக்கு வளையமே விழவில்லை! அடேயப்பா! மூளை உண்டா அந்தக் கிருமிக்கு? இல்லை. கண் உண்டா? இல்லை. கல்விக்கூடம் உண்டா? இல்லவே இல்லை! ஆனாலும், அறிஞர்கள் ஆண்டுக்கணக்காகப் பாடுபட்டுக் கண்ட மருந்தைக் கோடியில் ஒன்று தாங்கிப் பிழைத்து, பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுக்கும் பாடம் சொல்லிவிடுகிறதே! எனக்குக் கோபம் வரவில்லை, கைகூப்பத்தான் தோன்றுகிறது.

போன இலையுதிர் காலத்தில் டோர்த்தே அம்மையார் இடுப்பு மூட்டு மாற்ற வந்தார். இன்று இந்த மேடையில் தம் பெயரைச் சொல்லியே பேசச் சொன்னவர் அவர்தான். மருந்துக்கு அடங்காத கிருமி பன்றிக் கொட்டிலிலிருந்து ஒட்டி வரும் என்பதால், வீட்டில் பன்றி உண்டா என்று வழக்கம்போலச் செவிலி கேட்டார். உண்டு என்றால் மூக்கில் பஞ்சு விட்டுச் சோதிப்பார்கள், முடிவு வரும்வரை தனி அறை. அம்மையாருக்கோ பொது அறையில், ஏற்கனவே அங்கே படுத்திருந்த சிநேகிதி கிர்ஸ்டீனுக்குப் பக்கத்துக் கட்டில் வேண்டும். இரண்டாயிரம் பன்றி வளர்க்கும் வீட்டுக்காரி, கூசாமல், "பன்னியா? நம்ம வீட்ல ஏதுங்க" என்று சொல்லிவிட்டார்.

இங்கே எத்தனை தலைகள் குனிகின்றன! எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் புண் சீழ் பிடித்தது. தட்டு என் மேசைக்கு வந்தது. ஏழு வில்லைகள். ஆறில் வளையம் இல்லை. ஏழாவதைச் சுற்றி மட்டும் ஒல்லியாக ஒன்று! அதுவும் கைவிட்டால் மூட்டு போகும், உயிரும் போகலாம்.

நேரில் போய்ச் சொன்னேன். கணவர் அஸ்கர் அப்போதுதான் கொட்டிலைப் பற்றி வாய் திறந்தார். அம்மையார் அவரைப் பார்க்கவே இல்லை. கிர்ஸ்டீனுக்கும் ஒட்டியிருக்குமா என்று என்னைத்தான் கேட்டார். அவர் மூக்கையும் சோதித்திருந்தோம், ஒட்டியிருந்தது. அம்மையார் மெல்லக் கேட்டார்:

"இருக்கற ஒரே மருந்தயும் எனக்கே குடுத்துட்டா, நாளைக்கு அவளுக்குக் கேக்குமா தம்பி?"

அன்றே அந்த ஏழாவது மருந்தை அவருக்கு ஏற்றத் தொடங்கினார்கள்.

மருந்து கேட்டது. அம்மையார் நடக்கிறார். அதோ, சிநேகிதியின் கையைப் பிடித்தபடி மூன்றாம் வரிசையில் இருக்கிறார். கைதட்டாதீர்கள், பொறுங்கள்! கிர்ஸ்டீன் அம்மையாருக்கு வரும் வியாழக்கிழமை இதய அறுவைச் சிகிச்சை. இரண்டு முறை மூக்குக்கு மருந்து போட்டும் கிருமி போகவில்லை. இனியும் தள்ளிப்போட இதயம் இடம் தரவில்லை. அவர் தட்டையும் நேற்று நான்தான் அளந்தேன்.

ஒரு குட்டி இருமினால் கொட்டில் முழுவதற்கும் தீவனத்தில் இதே கிருமி மருந்துகளைக் கலக்கும் கைகளே! கேள்விக்குப் பொய் சொல்லும் வாய்களே! ஏழாவது வில்லையின் அந்த வளையம் இன்னும் சுருங்கியிருக்கிறது. என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் மிச்சம். அதை நம்பித்தான் வியாழக்கிழமை அந்த அம்மையாரின் மார்பைத் திறக்கிறார்கள்.

காபி ஆறுவது தெரிந்தும் காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.