மூன்றாவது ஜாடி

1984 நவம்பர் 14, கொரியா, காங்வொன் மலைப்பகுதி. நிலம் இன்னும் உறையவில்லை. மன்பொக்கும் அவர் மருமகள் யொன்சுக்கும் வீட்டின் பின்பக்கம், குளிர்காலத்துக்கு மண்ணில் புதைக்கும் கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

யொன்சுக்: மாமா, கோஸ் இலையை ஒவ்வொண்ணாத் தூக்கி மிளகா விழுதை உள்ள தடவணும். மேலாக்கப் பூசினா எப்படி?

மன்பொக்: தடவுறேன்ல... உங்க அத்தை இருந்த வரைக்கும் குழி தோண்டுறது மட்டும்தான் என் வேலை.

யொன்சுக்: உப்புப் பாக்கிறேன்னு பாதி கோஸையும் தின்னுட்டுப் போவீங்களாமே.

மன்பொக்: அவ சொல்லுவா. ஏன்மா, அக்கம்பக்கத்துல யாரையும் கூப்பிடல இந்த வருஷம்? நாலு பொம்பளைங்க வந்திருந்தா மதியத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்.

யொன்சுக்: வந்தா கை மட்டுமா ஓடும்...

மன்பொக்: வாயும்தான் ஓடும். ஓடட்டுமே.

யொன்சுக்: புருஷன் எப்ப வரார்னு ஆளுக்கு ஒரு தடவை கேப்பாங்க.

மன்பொக்: கேட்டா சொல்றது. கிசொக் புது வருஷத்துக்கு வந்துடுவான்னு.

யொன்சுக்: ...ம். சொல்லலாம்.

மன்பொக்: மீன் புடிக்கிற கப்பல்ல தினம் சூரை மீனு. சலிச்சுப் போயிருப்பான். வந்ததும் ஜாடிக்குள்ள தலைய விட்டுடுவான் பாரு.

யொன்சுக்: தலை போற அளவுக்கு வாய் அகலம் இல்ல, நம்ம ஜாடிக்கு.

மன்பொக்: சின்ன வயசுல ஒரு தடவை விட்டான். உங்க அத்தை காதைப் பிடிச்சு வெளியே எடுத்தா... அந்த டப்பாவ இப்படித் தள்ளு.

யொன்சுக்: அது உப்பு.

மன்பொக்: தெரியும்.

யொன்சுக்: முதல் ஜாடி இப்பவே திங்கிறது, சிப்பி போட்டாச்சு. ரெண்டாவது வசந்தம் வரைக்கும். அதுக்கும் உப்பு சரியா இருக்கே.

மன்பொக்: மூணாவதுக்கு. அடுக்குக்கு நடுவுல கொஞ்சமாத் தூவலாம்னு...

யொன்சுக்: கொஞ்சமா? ரெண்டு கையாலயும் அள்ளுறீங்க.

மன்பொக்: கை பெருசு. நான் என்ன பண்ண?

யொன்சுக்: புது வருஷத்துக்கு அவருக்குத் திறக்கிற ஜாடி மாமா இது. கோடை தாண்டி வைக்கிறதுக்குத்தான் இவ்வளவு போடுவாங்க.

மன்பொக்: இந்த வருஷம் குளிர் கம்மியாம். ரேடியோல சொன்னான். சீக்கிரம் புளிச்சுடும்.

யொன்சுக்: நேத்து நானும் கேட்டேன். போன வருஷத்தை விடக் குளிரும்னு சொன்னான்.

மன்பொக்: அது வேற ரேடியோ.

யொன்சுக்: இந்த வீட்டுல இருக்கிறதே ஒண்ணு.

மன்பொக்: ...கோஸ் நம்ம தோட்டத்துது, மிளகா நம்மது, பூண்டு நம்மது. காசு குடுத்து வாங்கினது உப்பும் மீனும்தான். அதைக் கொஞ்சம் தாராளமாப் போட்டா உனக்கென்ன?

யொன்சுக்: எனக்கென்ன. போடுங்க.

மன்பொக்: இரு, ஒரு இலை குடு. பாத்துடுறேன்... தூ. என்னம்மா இது, கடல் தண்ணி மாதிரி இருக்கு.

யொன்சுக்: நீங்க போட்ட உப்புதான்.

மன்பொக்: நான் தூவினது இப்பத்தானே. அதுக்குள்ள எப்படி இலைக்குள்ள ஏறும்? இது ராத்திரி பூரா ஊறின உப்பு. மத்த ரெண்டும் நல்லாத்தானே இருந்துச்சு. கோஸ் ஊறவெச்சப்போ இந்தத் தொட்டிக்கு மட்டும் அள்ளிப் போட்டியா?

யொன்சுக்: கை பெருசு. நான் என்ன பண்ண?

மன்பொக்: விளையாடாத. மீன் எங்க? அவன் ஜாடில துண்டு துண்டாப் போடுவியே, அந்த மியோங்தே மீன்.

யொன்சுக்: கூரைக்குக் கீழ தொங்குது.

மன்பொக்: ஏன் வெட்டல?

யொன்சுக்: மீன் போட்டா ரொம்ப நாள் தாங்காது மாமா.

மன்பொக்: ...அவன் புது வருஷத்துக்கு வரலைன்னு உனக்கு யாரு சொன்னா?

யொன்சுக்: முந்தாநாள் ஊர்த்தலைவர் வீட்டுக்கு அண்டாவத் திருப்பிக் குடுக்கப் போனேன்ல. அப்போ அவர்கிட்டேர்ந்து போன் வந்துச்சு. நீங்க பேசிட்டுப் போய் அரை மணி நேரம்தான் ஆச்சுன்னாங்க.

மன்பொக்: கிம்ச்சி வேலை முடியிற வரைக்கும் உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னான்...

யொன்சுக்: என்கிட்டயும் அதேதான். அப்பாகிட்ட காட்டிக்காதேன்னு.

மன்பொக்: குரல் எப்படி இருந்துச்சு, உனக்குக் கேக்கும்போது?

யொன்சுக்: தூரத்துல. பேசினா நம்ம குரலே திரும்பி வருது. கோஸ் நல்லா வந்துச்சான்னு கேட்டார். வந்துச்சுன்னேன்.

மன்பொக்: என்கிட்டயும் கோஸைத்தான் கேட்டான்.

யொன்சுக்: அழாதீங்க மாமா. மிளகாக் கையோட கண்ணைத் தொட்டா அவ்வளவுதான்.

மன்பொக்: யாரு அழுறா... முள்ளங்கிய நாலா வெட்டி நடுவுல சொருகு. உப்பை இழுத்துக்கும்.

யொன்சுக்: இருக்கட்டும்.

மன்பொக்: இருக்கட்டுமா? நீ ஒரு பங்கு, நான் ஒரு பங்கு. இது ரெண்டு வருஷம் ஆனாலும் கெடாது. அடுத்த வருஷம் அவன் வரும்போது வாயில வைக்க முடியாது.

யொன்சுக்: முள்ளங்கி வேண்டாம் மாமா.

மன்பொக்: ஏன் வேண்டாம்?

யொன்சுக்: உங்ககிட்ட ஒரு வருஷம்னுதான் சொல்லியிருக்கார். கப்பல்ல கையெழுத்துப் போட்டது இன்னும் ரெண்டு வருஷத்துக்கு.

மன்பொக்: ...அப்போ குழி ஆழம் பத்தாது. மண்வெட்டிய எடு, இன்னும் ஒரு முழம் தோண்டுறேன்.