அன்பரசி அம்மையாரின் கோப்புறையைக் கைவிடாத பச்சியப்பனாருக்கு

கணினி மையத்தின் கண்ணே, கலங்கியோர்க்குக் கைகொடுத்த காவலரே என்றெல்லாம் விளித்தால் பச்சியப்பனார் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆகவே, அரூரில் எங்கள் கல்லூரி பெற்ற அந்த அருமை மனிதரின் கதையையே, அவர் பணி ஓய்வு பெறும் இந்நாளில், அவர் முன்னிலையில் படிக்கிறோம்.

சர்வரில் பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புறை உண்டு. உரியவரின் பாஸ்வேர்டு இல்லாமல் எவரும் படிக்க இயலாதபடி அவற்றை மறையாக்கம் செய்தவர் பச்சியப்பனார். "நானே கேட்டாலும் பாஸ்வேர்டச் சொல்லாதீங்க" என்பார். அச்சொல்லை அப்படியே காத்தவர், எங்கள் நூலகரும் பச்சியப்பனாரின் துணைவியாருமான அன்பரசி அம்மையார். ஒரு மழைக்காலக் காய்ச்சலில் அம்மையார் மறைந்தார். பாஸ்வேர்டும் அவரோடு போயிற்று. தாம் போட்ட பூட்டின் முன் தாமே திகைத்து நின்றார் கணவர்.

வாரந்தோறும் காப்பு நகல் எடுக்கும்போது, இடம் போதாமல், குப்பைத்தொட்டி, தற்காலிகக் கோப்புகள், இறக்கி வைத்த படங்கள் எனப் பலவற்றை விலக்குவார். அம்மையாரின் கோப்புறையை மட்டும் விலக்கியதில்லை. உள்ளே பெயர்களெல்லாம் புரியாத எழுத்துக் குவியல். அளவும் தேதியும் மட்டும் தெரியும். காய்ச்சல் கண்ட வாரத்தில் சேமித்த பெரிய கோப்பு ஒன்று. குரலோ, படமோ, அறியார். நகல் முடியும்வரை அதையே பார்த்திருப்பார். எதிரே தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்.

சென்ற வெள்ளியன்று, தம் கடைசி நகலில், அந்தக் கோப்புறையையும் விலக்கும்படி ஒரு வரி சேர்த்து எழுதினார். அடுத்துப் பொறுப்பேற்கும் கலைமதி அதைக் கண்டார்.

"ஐயா, அம்மாவுத ஏனுங்க விட்டுட்டீங்க?"

"நான் போனப்புறம் உங்களுக்கு எதுக்குங்க அந்தச் சுமை? தெறக்கவா போவுது?"

"எங்களுக்கும் அவங்க அம்மாதானுங்க. இருக்கட்டுங்க."

அந்த வரியைக் கலைமதி அழித்தார். பச்சியப்பனார் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மீண்டும் கழற்றினார். நகல் ஓடியது.

பெரியீர், அந்தக் கோப்புறை எங்கள் பொறுப்பு. உடல்நலமும் உள்ளத்தின் அமைதியும் குறையாமல் நீடு வாழ்க. வெள்ளிதோறும் நகல் எடுக்கிறோம். வீட்டில் இருப்புக் கொள்ளாத நாளில் வாருங்கள். திரைக்கு எதிரே உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம்.

என்றும் அன்புடன்,
கணினி மையத்தாரும் நூலகத்தாரும்
அரூர்