பூச்சியத்துக்குப் பெயர் வைத்தவன்

வெள்ளவத்தைக்கு வந்தால் கடலை வடை தின்னாமல் கொட்டாஞ்சேனைக்குத் திரும்ப எனக்கு மனம் வராது. இன்றைக்கும் இரண்டு கட்டிக்கொண்டு வந்தேன். ஒன்று வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிற என் தங்கை பிறிஜெற்றின் மடியில் இருக்கிறது, பொதியை அவிழ்க்கவே இல்லை. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கிற உங்களிடம் தன் வரதராசாவின் படத்தைக் கொடுக்க வந்திருக்கிறாள். அவனோடு ஒரே அறையில் வேலை செய்தவன் என்பதால் முதலில் என்னைக் கூப்பிட்டீர்கள். அதுவும் நல்லதுதான். இதை அடியிலிருந்து சொல்ல என்னால்தான் முடியும்.

நான் கணினிக்கு 'சி' மொழியில் புரோகிராம் எழுதுகிறவன். எங்கள் கம்பனியில் எல்லோருடைய புரோகிராமுக்கும் முன்னால் நிற்கிற 'ஹெடர்' என்ற பைல் என் பொறுப்பு. அதில் வேலை எதுவும் நடக்காது, பெயர்கள்தான் இருக்கும். ஒரு எழுத்துக்கு எவ்வளவு இடம், ஒரு எண்ணுக்கு எவ்வளவு இடம், உண்மை என்றால் ஒன்று, பொய் என்றால் பூச்சியம். நான் வைத்த பெயரை மற்றவர்கள் எடுத்துப் பாவிப்பார்கள். ஞானஸ்நானம் கொடுக்கிற சுவாமி பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மாதிரித்தான். பிள்ளை வளர்ந்து என்ன செய்தாலும் சுவாமியை யாரும் கேட்பதில்லை.

நகரத்துக்குள் பெரிய குண்டு வெடித்த அடுத்த வருடம், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கொள்கலன் முற்றத்தின் வாசலில் பாஸ் பார்க்கும் புரோகிராம் செய்ய வேலை வந்தது. பாஸ் இலக்கத்தைத் தட்டினால் திரையில் 'போகலாம்' என்று வரும், அல்லது 'நிறுத்து' என்று வரும். நிறுத்தினால் ஜீப் வரும். ஜீப்பில் ஏற்றப்பட்டவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஹெடரில் 'போகலாம்' என்பதற்குப் பூச்சியத்தையும் 'நிறுத்து' என்பதற்கு ஒன்றையும் கொடுத்திருந்தேன்.

வரதராசா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இங்கே வெள்ளவத்தையில்தான் ஒரு அறையில் இருந்தான். கெட்டிக்காரன், அதில் எனக்குப் பொறாமை கிடையாது. அன்றாடம் வந்துபோகிற வெளியாட்களுக்குப் பாஸ் பதிகிற பகுதியை அவன் எழுதினான். புது ஆளுக்கான இடத்தை முதலில் பூச்சியத்தால் துடைத்துவிட்டு, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மட்டும் நிரப்பியிருந்தான். மிச்சம் எல்லாம் பூச்சியமாகவே கிடந்ததால் தானாகவே 'போகலாம்' என்று வரும். 'போகலாம்' என்பதையும் பெயர் சொல்லி எழுதிவிடு என்றேன். சிரித்தான்.

"பூச்சியத்தை ஏன் ஒஸ்வால்ட் அண்ணை திரும்ப எழுதவேணும்? அது அங்க கிடக்குதுதானே. நீங்கள் வைச்ச எண், மாறவா போகுது?"

கடைச்சோறு தின்று காய்ந்த பிள்ளை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்குக் கூப்பிட்டவன் நான். பிறிஜெற் நண்டு காய்ச்சினாள். அவன் கோப்பையில் அவள் அள்ளி அள்ளிப் போட்டபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கனடாவில் இருக்கிற அவனுடைய தமையன் இரண்டு பேரையும் கூப்பிட ஒழுங்கு செய்துவிட்டார் என்று என் சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டே சொன்னாள். "இனி நீங்களும் ஒரு கலியாணம் செய்யலாம்தானே அண்ணா" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறைக்கும் குசினிக்குமாக நடந்தேன். ஒழுங்கைக்குள் ஆட்டோ வந்தால், அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறது என்று எட்டிப் பார்த்தேன். அம்மா போன பிறகு அவளைப் பார்த்தது நான். அவள் எனக்குச் சமைத்தாள், துவைத்தாள், கோயிலுக்கு என்னோடு வந்தாள். இதில் அவளுக்கு என்ன குறை என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தென்படவில்லை.

ஹெடரில் இரண்டு வரியைத்தான் மாற்றினேன். பூச்சியம் 'நிறுத்து' ஆனது, ஒன்று 'போகலாம்' ஆனது. பெயர் சொல்லி எழுதிய பகுதிகளுக்கு ஒரு கேடும் இல்லை, முற்றத்தின் நிரந்தர ஆட்கள் வழமைபோல உள்ளே போவார்கள். வெளியாட்கள் மட்டும் நிற்பார்கள். அவன் ஒருவனை மட்டும் குறித்திருக்கலாம், ஆனால் அது வன்மம் தீர்த்த மாதிரி இருந்திருக்கும். இது எல்லோருக்கும் பொது.

புது டிஸ்கெற்றை அவனிடமே கொடுத்து, வாசல் கணினியில் ஏற்றிவிட்டு உள்ளே போய் மற்றக் கணினியையும் பார்த்து வா என்று அனுப்பினேன். ஏற்றினான். தனக்கு வெளியாள் பாஸ் பதிவித்தான். 'நிறுத்து' என்று வந்தது. அவனுக்குப் பின்னால் நின்ற லொறிக்காரனுக்கும் தேத்தண்ணி கொண்டுபோகிற மயிலம்மாவுக்கும் அதுவே வந்தது. லொறிக்காரன் சிங்கள ஆள், விட்டுவிட்டார்கள். வாசல் பொறுப்பாளர் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"மல்லி, மே மெஷின் எகே வரெத்தக்த?" தம்பி, மெஷினில் பிழையா என்று கேட்டார். நல்ல மனிதர். நான் ஓம் என்றிருந்தால் விட்டிருப்பார். பின்னால் வரதராசா, தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், ஒஸ்வால்ட் அண்ணைக்குத் தெரியும், அவர் சொல்லுவார் என்று பதறாமல் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

"நே அய்யே," என்றேன். "மெஷின் எக ஹரி."

இல்லை அண்ணை, மெஷின் சரி என்றுதான் சொன்னேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? எழுதினபடிதானே அது செய்தது.

பின்னேரமே அந்த இரண்டு வரியையும் பழையபடி ஆக்கிவிட்டேன். மயிலம்மா சில மாதத்தில் திரும்பி வந்தாள். வலது கையைத் தூக்க மாட்டாள், ஆனாலும் நான் அவளிடம்தான் தேத்தண்ணி குடிக்கிறேன். வரதராசா வரவில்லை. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று செவ்வாய்க்கிழமைதோறும் பிறிஜெற் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறாள். மெழுகுதிரி நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் இல்லாட்டி நான் என்ன செய்வன் அண்ணா" என்பாள்.

ஃபோன் அடித்தால் மட்டும் இன்னும் நான் எடுப்பதில்லை, பிறிஜெற்றைத்தான் எடுக்கச் சொல்கிறேன். அதனால்தான் வந்து சொல்கிறேன். அவனை அனுப்பியது நான், விடமாட்டார்கள் என்று தெரிந்தே அனுப்பினேன். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள். தங்கச்சிக்குக் கேட்டுவிடும். அவள் மனம் நோகிற மாதிரி நான் இதுவரை ஒன்றும் செய்ததில்லை.