இருபதாம் நம்பர் மூக்குத்தி

– இருபதா? அடி ஆத்தீ! அந்தக் காலத்துல எஸ்டேட்டு மொதலாளி வெச்சிருந்த துப்பாக்கியே பன்னெண்டு நம்பருதான் கண்ணு. ஒரே போடுல காட்டுப்பன்னியச் சாய்ச்சுப்புடும். நீ இருபதை என்ற மூக்குல எறக்கறேங்கற!

– சிரிக்க வெக்காதீங்க வீராயிக்கா, கையில ஊசி இருக்குது. துப்பாக்கியோ கம்பியோ, நம்பரு ஏற ஏறச் சன்னமுங்க. கம்பியை ஓட்டையில உட்டு இழுப்பாங்க. இழுக்க இழுக்க மெலியும், நம்பரு கூடும்.

– அப்ப நாங் கொண்டாந்தது?

– பதினாறு. முளைக்குச்சியாட்ட இருக்குது. ஆருங்க இதை எடுத்துக் குடுத்தது?

– நாந்தான். சேலத்துல நகைக்கடைக்காரன் எந்த நம்பருங்கன்னான். வலி கம்மியா இருக்கட்டும்னு, இருக்கறதுலயே சின்ன நம்பராக் குடுன்னேன். அவன் என்னைய ஏற எறங்கப் பாத்தான். சிவரஞ்சனி, எப்படியாவது இதையே போட்டுடு சாமி. பழைய ஓட்டை இருக்குதில்ல?

– எங்க இருக்குது? தூந்து போச்சுங்க. கழட்டி எத்தனை வருசம்?

– அவரு போயி ஒம்பது வருசம். காரியத்தன்னைக்குக் கழட்டினது.

– அப்பப் புதுசாத்தான் குத்தோணும். இந்தத் தடியை ஏத்துனா மூக்கு வீங்கிப் பலாப்பழமாயிரும். வெள்ளிக்கிழமை மாரமங்கலத்துக் கல்யாணத்துல உங்களை ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. இந்தாங்க, இருபது. ஸ்டீலு, ஒத்தக் கல்லு. ஏரிக்கு வர்ற டூரிஸ்ட்டுப் பசங்க மூக்குலயும் இதைத்தான் போட்டு அனுப்பறேன்.

– பசங்களுக்குமா! கெட்டுது போ. ஏங்கண்ணு, தங்கத்த முந்தானையில முடிஞ்சுக்கிட்டுக் கல்யாணத்துக்கு இரும்பப் போட்டுட்டா போறது?

– மூணு மாசம் புண்ணு ஆறுட்டுங்க. அப்பறம் அந்தத் தங்கத்த ஆசாரிகிட்டக் குடுத்தா, கம்பியை இழைச்சு இருபதாக்கித் தருவாரு.

– மூணு மாசமா...

– வேண்டாம்னாச் சொல்லுங்க, ஊசிய வெச்சறேன். உங்கூருக்குப் போற மஞ்சக்குட்டை ஜீப்பு இன்னும் நிக்குது.

– வெக்காத, வெக்காத! இன்னைக்குத் திரும்பிப் போனா மறுக்கா எனக்குத் தைரியம் வராது. இரும்போ துரும்போ, குத்து.

– மூச்சை இழுங்க. கையை உடுங்க, என்ற கைய இல்ல, நாற்காலியப் புடிங்க. ம்... ஆச்சு.

– ஆவ்! ஆச்சா? இவ்வளவுதானா?

– இவ்வளவுதானுங்க. கண்ணாடியைப் பாருங்க. ஏனுங்க, எதுக்கு அழுவறீங்க?

– மூக்குல குத்துனாக் கண்ணுல தண்ணி வராதா? நீ சும்மா இரு. நல்லாவா இருக்குது?

– நொம்ப நல்லா இருக்குதுங்க. ஆனா அக்கா... கல்யாண ஊட்டுல சொந்தமெல்லாம் கூடும். புருசன் போனவ மூக்குத்தி போட்டுட்டு வந்துட்டாளேன்னு ஆராச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க?

– மணவறையில பொண்ணா உக்காந்திருக்கறவகிட்டப் போயி ஆரு கண்ணு அதையெல்லாம் கேக்கறாங்க?