வெளிர் நீல உடை

அந்தப் படத்தை வெயிலில் வைக்காதீர்கள், ஐயா. சிவப்பு தாங்கும். இந்த வெளிர் நீலம் சீக்கிரம் போய்விடும்.

நடிகர் இறந்தால்தான் அந்த நீல உடையில் வரைவார்கள். உயிரோடிருந்தவரை, மேடையில் பெண் வேடம் கட்டும் என் கணவர் இசோமுரா சென்யாவைத் தாசி வேடத்தில்தான் அச்சடித்தார்கள். அவர் கொண்டை ஊசி செருகியதைப் பார்த்து யோஷிவாரா தாசித் தெருவின் நிஜத் தாசிகளே அப்படிச் செருகிக்கொண்டார்கள். கணவனே ஊரின் பேரழகி என்றால் மனைவியை யார் பார்ப்பார்கள்? வீட்டுக்கு வருகிறவர்கள் என்னிடம் குடையைக் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஒசாகாவிலிருந்து திரும்பும் வழியில், விடுதியொன்றில் அவருடைய ஒப்பனைக்காரர் காய்ச்சலில் இறந்தார். சேதி இங்கே எடோ நகருக்கு வந்து சேர்வதற்குள் இறந்தது சென்யா என்று ஆகிவிட்டது. வேறு கடைகள் முந்திவிடும் என்ற பயத்தில் பதிப்பாளர் மோஹெய், அச்சுக் கட்டை செதுக்குகிறவர்களைத் தூங்கவிடாமல் இந்த அஞ்சலிப் படத்தைக் கொண்டுவந்தார்.

நான் உண்மையாகவே அழுதேன். பிறகு கடைத்தெருவுக்குப் போனேன். பெண்கள் படத்துக்காக ஒருவர் சீப்பை ஒருவர் பிடுங்கிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தில் அவர் காலடியில் கிமோனோவின் கையைக் கடித்தபடி அழுகிறாளே, அந்த இளம்பெண் நான்தான். "அதோ, படத்துல இருக்கிறவங்க" என்று யாரோ சொல்ல, கூட்டம் விலகி வழிவிட்டது. இனிப்புக் கடைக்காரி காசு வாங்கவில்லை. "கொஞ்சம் கையக் கடிச்சுக் காட்டுங்கம்மா, போதும்" என்றாள். கடித்துக் காட்டினேன். அந்த நாட்களில் என் கால் தரையில் படவில்லை.

ஒரு மாலை அவர் வந்தார். முகத்தை மறைக்கும் வைக்கோல் தொப்பி, கையில் இதே படம்.

"மினே, பாலத்துல படம் விக்கிறவன் என்னையே எனக்கு வித்துட்டான்டி. பேரம் பேசினா, செத்தவர் விஷயத்துல கஞ்சத்தனமான்னு திட்டுறான்."

இருவரும் பாயில் விழுந்து சிரித்தோம். மேடையில் பேய்கள் எழும் துளை வழியாக, நீல உடையிலேயே நாளை எழுந்து வரப்போவதாகச் சொன்னார். முன்வரிசையில் யார் யார் மயங்கி விழுவார்கள் என்று நடித்தும் காட்டினார். சிரித்தே எனக்கு வயிறு வலித்தது. அப்புறம் படத்தை விளக்கருகே பிடித்தார்.

"இது யாருடி, மூக்கச் சிந்திக்கிட்டு?"

"நான்தாங்க."

"நீயா? மோஹெய்க்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? சரி விடு, நாளைக்கே அந்த அச்சுக் கட்டையச் சீவச் சொல்றேன். திரும்பி வந்த சென்யான்னு புதுசா அடிக்கட்டும். நான் மட்டும் போதும்."

அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். வழியெல்லாம் பேத்தை மீன் சாறுக்கு ஏங்கினாராம். உடனே போய் வாங்கி வந்தேன். அதன் விஷ ஈரலை எப்போதும் எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுவேன். அன்று எடுக்கவில்லை.

"உதடு மரத்துப் போச்சுடி" என்று குழறினார். அந்தக் குழறல் பேய்க்குப் பொருத்தமாக இருக்கிறதென்று வசனமும் பேசிப் பார்த்தார். நன்றாகவே இருந்தது. துக்க வீட்டில் இரண்டு பேர் சிரித்ததாகப் பக்கத்து வீட்டு ஓகுமா உங்கள் விசாரணையில் சொன்னது பொய்யில்லை. கடைசியில் நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் கொல்லை மேப்பிள் மரத்தடியில் இருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர். ஊரே அழுது முடித்த பிறகு உயிரோடு போய் நின்றால் இரண்டு நாள் கேலி, மூன்றாம் நாள் மறதி. இந்தப் படத்தில் மீன் சுற்றிக் கொடுப்பார்கள். நான் அவருடைய பெயரைக் காப்பாற்றினேன். படத்தில் போட்டிருந்ததையே உண்மையாக்கினேன். தேதிதான் சற்று முன்னே பின்னே.

ஒரே ஓர் உதவி, ஐயா. இந்தச் சேதி வெளியே போனதும் மோஹெய் புதுப் படம் போடுவார். என் முகம் இதேபோல இருக்கட்டும், கொஞ்சம் பெரிதாக. அவரை ஓரத்தில் போட்டாலும் பரவாயில்லை.