வாசகர் வரவில்லை

புத்தகம் படிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. இருபத்தாறு வருஷம் நூலகராக இருந்தவன் இப்படிச் சொல்லலாமா என்று உங்களுக்குத் தோன்றும், ரிஸ்வான் அகமது சார். மிட்டாய்க் கடைக்காரர் மிட்டாய் தின்பதில்லை, அந்த மாதிரிதான். நீங்கள் விசாரணை அதிகாரியாகச் சங்கரன்கோவில் வரைக்கும் வந்திருக்கிறீர்கள். மாரிக்கண்ணன் ஆகிய நான், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து இதை எழுதித் தருகிறேன்.

திட்டம் உங்களுக்குத் தெரியும். நாடு முழுக்க நானூறு நூலகங்கள். ஒன்றில் இல்லாத புத்தகத்தை இன்னொன்றிலிருந்து தபாலில் வரவழைத்து வாசகருக்குக் கொடுக்க வேண்டும், முப்பது நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். இதை மேய்க்கப் பன்னிரண்டு பேர் கொண்ட ஆட்சிக் குழு. அதில் ஒரு நாற்காலி சிற்றூர் நூலகங்களுக்கு. ஒரு புத்தகம்கூடத் தாமதிக்காத நூலகம் எது என்று பார்த்தார்கள், எங்கள் நூலகம் வந்து நின்றது. எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் ஊர் வாசகர்களின் ஒழுக்கம் என்றேன். உண்மையில் நான் யாருக்கும் எதையும் வரவழைத்துக் கொடுப்பதில்லை. பனவடலிசத்திரத்திலிருந்து ஒருவர் தேனீ வளர்ப்பு பற்றிக் கேட்டார், கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டேன். கொடுக்காத புத்தகம் எப்படித் தாமதமாகும்?

குழுவின் கூட்டம் செல்போனில் நடக்கும். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சாரம், இதுதான் என் கோலம். இந்தியும் இங்கிலீஷும் மாறி மாறி ஓடும். எனக்கு இரண்டும் அரைகுறை என்பதால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இரண்டு வருஷம் தலையாட்டியதில் விதிகள் துணைக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். திருப்பி அனுப்பும் கெடுவை நீட்டிக்கும் அதிகாரமும் என்னிடம் வந்தது. அன்று வீட்டில் கேசரி செய்யச் சொன்னேன்.

பொன்செல்வி வந்தது போன வருஷம் ஆனி மாதம். குருவிகுளம் பக்கம் ஆடு மேய்க்கிற கருத்தப்பாண்டியின் மகள். அங்கே முப்பத்திரண்டு வீடுகள். காற்றாலை வைக்க நிலம் வாங்கிய ஒரு கம்பெனி, வீடுகள் இருக்கும் இடமும் தாங்கள் வாங்கியதுதான் என்று வழக்குப் போட்டிருந்தது. அந்த இடம் நத்தம், அதாவது ஊரார் வீடு கட்டிக்கொள்ளும் பொது நிலம், அதை யாரும் விற்க முடியாது என்பது இவர்கள் கட்சி. அதற்கு ஒரே ஆதாரம் நூறு வருஷத்துக்கு முன் அச்சான ஒரு நில அளவைப் புத்தகம், அதில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரைபடம். வக்கீல் ஒரு பழைய தீர்ப்பில் இதைக் கண்டுபிடித்திருந்தார். மிஞ்சியிருந்த ஒரே பிரதி நாக்பூரில் ஒரு நூலகத்தில் இருந்தது. அந்தச் சமயம் நான் வெளியூர் போயிருந்தேன். உதவியாளர் ஞானபூரணம் என்னைக் கேட்காமல் படிவத்தை அனுப்பிவிட்டாள். புத்தகமும் வந்துவிட்டது.

நான் அதை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் வந்தாள்.

"அண்ணாச்சி, பொஸ்தகம் வந்துட்டாமே?"

"வந்திருக்கும்மா. பதியிற வேலை இருக்கு."

"கேசு அன்னைக்கு மட்டும் தாங்க. ஜட்ஜையாகிட்ட காட்டிட்டு சாயங்காலமே கொண்டாந்து தந்திருதேன்."

"அவுக வச்சுக்கிட்டாகன்னா?"

"வச்சுக்கிட்டா என்ன அண்ணாச்சி, கோர்ட்டுலதான இருக்கும்? அது களவா போயிரப் போவுது?"

நியாயமான பேச்சு. ஆனால் கோர்ட்டில் போய் உட்கார்ந்த புத்தகம் முப்பது நாளில் எழுந்து வருமா? நாளைக்கு வா என்றேன். அப்படி நான்கு முறை சொன்னேன். அந்த வாரம்தான் ஆட்சிக் குழுவுக்குத் தலைவர் தேர்தல். ஒரு தாமதம்கூட இல்லாதவர் என்பதைத் தவிர என்னிடம் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் கிடையாது. அதையும் ஒரு ஆட்டுக்காரர் மகளுக்காக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கெடு முடியும் நாள் எங்கள் கோயில் திருவிழாவான ஆடித்தபசு அன்று விழுந்தது. இந்த மாவட்டத்துக்கே விடுமுறை. தபால் நிலையம் திறந்திருந்தாலும் கூட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் டெல்லியில் தயாரித்த விடுமுறைப் பட்டியலில் எங்கள் தபசு கிடையாது, அன்று அனுப்பாவிட்டால் தாமதம்தான். வழக்கோ தபசுக்கு மறுநாள். ஒரு வாரம் நீட்டிப்பு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும். அந்த நீட்டிப்பைத் தர வேண்டியவன் நான். எனக்கு நானே சலுகை காட்டிக்கொள்வது முறையல்ல என்று பட்டது. அப்போது எனக்கு என் நேர்மையை நினைத்துக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

தபசுக்கு முந்தின நாளே புத்தகத்தைத் திருப்பி அனுப்பினேன். பதிவேட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. 'வாசகர் வரவில்லை' என்று எழுதினேன். அப்போது பொன்செல்வி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஞானபூரணம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆதாரம் இல்லாமல் வழக்கு தோற்றது. நான் தேர்தலில் ஜெயித்தேன். ஐப்பசியில் கிழக்கு வரிசைப் பதினோரு வீடுகளை இடித்தார்கள். கட்டிப்போட்ட ஒரு குட்டியை அவிழ்க்க கருத்தப்பாண்டி உள்ளே போயிருக்கிறார். அது இடிக்கிற வண்டிக்காரனுக்குத் தெரியவில்லை. சுவர் விழுந்தது. குட்டி பிழைத்துக்கொண்டது. நான் துக்கத்துக்குப் போனேன், சார். மாலை வாங்கிக்கொண்டு குருவிகுளத்துக்கு பஸ் ஏறிப் போனேன். பொன்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரிய பதவியில் இருந்துகொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோமே என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

மீதி இருபத்தொரு வீடுகளுக்கு மேல்முறையீடு. பங்குனியில் பொன்செல்வி அதே புத்தகத்தை மறுபடி கேட்டாள், ஞானபூரணமும் மறுபடி படிவத்தை அனுப்பிவிட்டாள். தலைவர் ஊர்க் கோரிக்கை என்று நாக்பூர்க்காரர்கள் உடனே அனுப்பிவிட்டார்கள். இப்போது எனக்கு வேறு பயம். புத்தகம் கோர்ட்டுக்குப் போனால், முதல் தடவை ஏன் போகவில்லை என்று யாராவது கேட்பார்கள், பதிவேட்டைப் பார்ப்பார்கள். ஆகவே சவர பிளேடு எடுத்து, அந்த வரைபடத்தை அடியோடு ஒட்ட அறுத்தேன். பின்பக்கம் துணி ஒட்டி நான்காக மடித்த கனமான தாள். பிறகு புத்தகத்தை அவளிடமே கொடுத்தேன்.

இருநூற்றுப் பத்தைப் பார்த்தாள், எதிரிலேயே இருநூற்றுப் பதின்மூன்று இருந்தது. ஈரம் பட்டு ஒட்டியிருக்குமோ என்று நகத்தால் நெருடிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் எங்கன போச்சு அண்ணாச்சி?"

"வடக்க உள்ளவங்களுக்குப் பொறுப்பு கிடையாதும்மா."

அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு புத்தகத்தைத் திருப்பி அனுப்பி, நாக்பூருக்குக் கண்டிப்பாக ஒரு கடிதமும் எழுதினேன். பக்கம் குறைவது அனுப்பிய நூலகத்தின் குற்றம் என்ற விதி பதினான்கு நான் எழுதியதுதான். அங்கே அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அந்த அம்மாள் விடவில்லை. இரண்டு தபால் ரசீதுகளையும் தேடி எடுத்திருக்கிறார். பார்சல் வரும்போது ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம், போகும்போது ஆயிரத்து இருநூற்று ஐந்து. எங்கள் பக்கத்து ரசீதுகளைத் தேதி வாரியாகக் கம்பியில் குத்திவைத்தவன் நானே. நீங்கள் வந்து ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டீர்கள். என்னுடைய ஒழுங்கு ஒருவருக்காவது பயன்பட்டது.

ஆகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தை மறைத்தது, பொய் எழுதியது, பக்கத்தை அறுத்தது, அந்த நாக்பூர் அம்மாள்மேல் பழி போட்டது, கருத்தப்பாண்டியின் சாவு வரைக்கும். தண்டனையைக் குறைக்கச் சொல்லவில்லை.

ஒன்றில் மட்டும் நீங்கள் என்னை வற்புறுத்தக் கூடாது. வரைபடம் எங்கே என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நான் அதை எரிக்கவில்லை. கரையான் அரிக்காத இடத்தில், பிளாஸ்டிக் உறையில், பத்திரமாக வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மேல்முறையீடு என்பதும், இருபத்தொரு வீட்டுக்காரர்களும் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இன்று வெள்ளி. பொன்செல்வி வெளியே நிற்பதையும் பார்த்தேன். அவளை முறைப்படி படிவம் எழுதித் தரச் சொல்லுங்கள். நாக்பூரின் சம்மதம் வந்ததும், பதினைந்து வேலை நாளுக்குள் அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். அவசரம் என்று ஒருவருக்கு மட்டும் விதியைத் தளர்த்தினால் மற்ற வாசகர்களுக்கு நான் துரோகம் செய்தவனாகிவிடுவேன், சார்.