தூக்குப் பாலத்தின் இந்தப் பக்கம்

"படுங்க! தலைய தூக்காதீங்க!"

யாரோ கத்துகிறார். அம்மா என்னைக் காய்ந்த கால்வாய்க்குள் அமுக்குகிறாள். கைக்குழந்தையான தம்பி அவள் வயிற்றடியில். சனிக்கிழமை காலை. முதலில் ஒரு 'டும்'. காதில் அல்ல, பல்லில் கேட்டது. பிறகு கல் வந்து விழும் சத்தம். பிறகு தண்ணீர் பாயும் சத்தம். அது நிற்கவே இல்லை.

"பாலம் போச்சு! பாலத்த ஒடச்சிட்டானுங்க!"

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூர்த் தீவுக்கு அது ஒன்றுதான் வழி. கடலில் கல் கொட்டிப் போட்ட சாலை. எங்கள் கரையோரம், படகுகள் போக வர, தூக்கி இறக்கும் இரும்புப் பாலம். பின்வாங்கிய வெள்ளைக்காரன் தன் பட்டாளம் கடந்ததும் வெடி வைத்துவிட்டான். கடைசிப் படை குழல் ஊதிக்கொண்டு போனது. கல்யாண ஊர்வலம்தான் போங்கள். எங்களுக்கு முன்னால் தண்ணீர். பின்னால் ஜப்பான்காரன். அப்பா அக்கரையில்.

அப்பாவுக்கு ரயில்வே வேலை. எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸில் குவார்ட்டர்ஸைப் பூட்டிவிட்டு, வழியில் வாரக்கணக்கில் அங்கங்கே தங்கி, சரக்கு வண்டியில் ஜொகூர் பாரு வந்து இறங்கினோம். அன்று வியாழக்கிழமை. உடனே எல்லோரும் கடந்துவிடலாம் என்றார். அம்மா அசையவில்லை.

"வியாழக்கெழம தெக்க சூலங்க. புள்ளைங்கள வச்சிக்கிட்டு வரமாட்டேன். நாளைக்கு வரோம்."

ரயிலுக்கு ஏது சூலம் என்று அப்பா சிரித்தார். அவருக்கு மேலிடத்து உத்தரவு. வீடு பார்த்து வைக்கிறேன் என்று டிரங்குப் பெட்டியோடு முன்னே போனார்.

வெள்ளி காலை போனோம். பாலத்தில் பட்டாளத்து லோரிகள் மட்டும். மலாய் போலீஸ்காரர் "பாலிக்! பாலிக்!" என்று எங்களைத் திருப்பி விரட்டினார். அம்மா அவர் காலைப் பிடித்தாள். சாயங்காலமும் போனோம். விடவில்லை.

சூலம்தான் உங்களைக் காப்பாற்றியது என்று உறவுக்காரர்கள் பின்னால் சொல்வார்கள். தீவில் விழுந்த குண்டுகளை நினைத்துச் சொல்வது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பாதி நடந்தும் பாதி மாட்டு வண்டியிலும் ஊர் திரும்பினோம். வழியில் தம்பிக்குக் காய்ச்சல். மருந்து இல்லை. ஒரு ரப்பர்த் தோட்டத்து ஓரம் புதைத்தோம். எந்தத் தோட்டம் என்று சொல்லத் தெரியவில்லை.

போர் முடிந்தது. உடைந்த இடத்தை அடைத்தார்கள். ரயில் ஓடியது. அக்கரையிலிருந்து பலர் வந்தார்கள். அப்பா வரவில்லை. செத்த சேதியும் வரவில்லை. சேதி வராமல் தாலியை எப்படிக் கழற்றுவது? அம்மா பொட்டோடு இருந்தாள். கிழவியாகி, பொட்டோடுதான் போனாள்.

எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. இனியும் மழுப்ப முடியாது. போரில் எங்கள் வீட்டில் இறந்தவர்கள் இருவர். தம்பி. அப்பா. அம்மா இருந்தவரை ஒருவர் என்றே சொல்லி வந்தோம்.